பரணில் கிடந்த லேப்டாப்பும் தெருவின் ஆதார் கார்டுகளும்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும், பரணைக் காலி செய் என்று அம்மா சொன்னதில் ஆரம்பித்தது இது. இரண்டு பித்தளை அண்டா, ஓடாத டேபிள் ஃபேன், என் பத்தாம் வகுப்பு நோட்டுகள், எல்லாவற்றுக்கும் அடியில் பழைய வேட்டியில் சுற்றி வைத்த லேப்டாப். 2012-இல் முதல் சம்பளத்தில் வாங்கியது. பேட்டரி செத்துப் பல வருடமாகிறது, கீல் உடைந்து திரை ஒரு பக்கமாகத் தொங்கும், சார்ஜரைச் செருகியே வைத்திருந்தால் முனகிக்கொண்டு எழுந்து உட்காரும். நான் தூசி தட்டிக்கொண்டிருந்தபோதே பழைய சாமான் வாங்குகிற அண்ணன் வாசலில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "லேப்டாப்பா? முந்நூறு ரூபா தரேன், இல்லன்னா ரெண்டு பிளாஸ்டிக் பக்கெட்" என்றார். அம்மாவுக்குப் பக்கெட் பிடித்துவிட்டது. நீல நிறம் வேண்டும் என்று பேரம் வரை போய்விட்டார்.

ஒரு வாரம் டைம் கொடும்மா, உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத் தருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி, அண்ணனை அனுப்பிவைத்தேன். அன்று மாலையே பென் டிரைவில் விண்டோஸ் போட்டு, டிஸ்க்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருந்த பார்ட்டிஷனையெல்லாம் நீக்கி, ஃபார்மேட் செய்து, புதிதாக நிறுவினேன். முக்கால் மணி நேரத்தில் பளிச்சென்று புது டெஸ்க்டாப் வந்தது. ரீசைக்கிள் பின் காலி, டாகுமென்ட்ஸ் காலி, 500 ஜிபியில் ஏறக்குறைய எல்லாமே காலி இடம் என்று காட்டுகிறது. வேறு யாராக இருந்தாலும் இத்தோடு விட்டிருப்பார்கள், நானும் விட்டிருப்பேன். இரவு தூக்கம் வராமல் போனதுதான் காரணம், சரி, உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

ரிச்சி தெருவில் எப்போதோ வாங்கிப்போட்ட, ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பியில் செருக உதவும் சாட்டா கேபிள் ஒன்று இருந்தது. லேப்டாப்பின் அடியில் இரண்டு திருகைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க் கையோடு வந்துவிடும், அந்தக் கால லேப்டாப்பில் அது ஒரு வசதி. அதை இப்போதைய கம்ப்யூட்டரில் செருகி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் அது படங்களை மட்டும் தேடுவதில்லை. பார்க்க அழகாகவும் இருக்காது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். எந்த டிஸ்க், எங்கே சேமிக்க வேண்டும் என்று கேட்கும், பதில் சொல்லி என்டர் தட்டினால் எண்ணத் தொடங்கிவிடும். ஜேபிஜி: 12. ஜேபிஜி: 85. பிடிஎஃப்: 9. நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் படங்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. யூஎஸ்பி வழியாக என்பதால் மெதுவாகத்தான் போனது, விடிய விடிய ஓடியது. காலையில் பார்த்தால் எண்ணிட்ட கோப்புறைகளில் பதினோராயிரத்துக்கு மேல் படங்கள், சுமார் எண்ணூறு பிடிஎஃப். இத்தனையும் ஃபார்மேட் செய்து புது விண்டோஸ் போட்ட டிஸ்க்கில் இருந்து வந்தவை.

கோப்புகளின் பெயர் போய்விட்டிருந்தது, வெறும் எண்கள்தான். அதனால் எது என்ன என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருந்தது. முதலில் திறந்தது ஒரு ஆதார் கார்டு. என்னுடையது இல்லை, மூன்றாவது வீட்டு அத்தையுடையது. அடுத்தது யாரோ ஒருவருடைய கையெழுத்து மட்டும், வெள்ளைத் தாளில் நீல மையில், வேலைக்கு விண்ணப்பிக்க ஸ்கேன் செய்தது. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, எங்கள் தெருவில் ஸ்கேனரோடு சேர்ந்த பிரின்டர் முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். "தம்பி, ஒரே ஒரு பேப்பர்" என்று ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது வருவார்கள். ரேஷன் கார்டு, பான் கார்டு, பத்திரத்தின் முதல் பக்கம், பென்ஷன் புத்தகம், பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஜாதகத்தோடு பயோடேட்டா, பரீட்சை விண்ணப்பத்துக்கு இத்தனை கேபிக்குள் என்று சுருக்கிய போட்டோ. நான் செய்து கொடுத்துவிட்டு டவுன்லோட்ஸ் கோப்புறையிலேயே விட்டுவிடுவேன், எப்போதாவது டிஸ்க் நிறைந்தால் மொத்தமாக டெலிட் செய்வேன். அப்படி டெலிட் செய்தவையும் வந்திருந்தன. இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று ஒரு கணம் ஆறுதல் வந்தது. ஆனால் அந்தப் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான், அது ஊருக்கே தெரியும். இரண்டையும் சொல்லும் கல்யாண பயோடேட்டா அதே கோப்புறையில் நாலு கோப்பு தள்ளி இருக்கிறது. ஒரு எஸ்பிஐ பாஸ்புக்கின் முதல் பக்கமும் இருந்தது. இதையெல்லாம் இரண்டு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குக் கொடுக்க இருந்தேன்.

ஏன் இப்படி என்றால், டெலிட் என்பது ரேஷன் கார்டில் பெயர் நீக்குவது மாதிரி. பெயரை அடித்துவிட்டார்கள் என்பதற்காகத் தாத்தா திண்ணையை விட்டு எழுந்து போய்விடுவாரா? அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார், அந்த இடம் வேறொருவருக்குத் தேவைப்படும்வரை. கம்ப்யூட்டரும் கோப்பு இருந்த இடத்தை "இனி இது காலி" என்று பதிவேட்டில் குறித்துக்கொள்வதோடு சரி. நான் செய்தது போன்ற குயிக் ஃபார்மேட் என்றால் பதிவேட்டையே கிழித்துப்போட்டுப் புதுசு வைக்கிறது, ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள். ஃபோட்டோரெக் பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறது. ஜேபிஜி படம் எதுவானாலும் முதல் சில பைட்டுகள் ஒரே மாதிரிதான் இருக்கும், பிடிஎஃப் கோப்பு தன் முதல் வரியிலேயே தான் பிடிஎஃப் என்று எழுதி வைத்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்ததும் பிடித்து இழுத்து வெளியே கொண்டு வந்துவிடுகிறது. இதற்கு ஹேக்கர் எல்லாம் வேண்டாம், பொழுது போகாத கல்லூரிப் பையன் போதும்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரண்டு பேர் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை அங்கும் இங்குமாக விலைக்கு வாங்கிப் பார்த்துவிட்டு 2003-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேலை செய்தவை 129, அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12. மற்றவற்றில் ஐயாயிரத்துக்கு மேல் கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் குறிப்புகள், காதல் கடிதங்கள். ஒரு டிஸ்க் ஏடிஎம் எந்திரத்துக்குள் இருந்து வந்தது, யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பதோடு. இருபது வருடம் கழித்து நான் குரோம்பேட்டையில் உட்கார்ந்து அதே தவறைச் செய்திருக்கிறேன்.

சரி, அழிப்போம். அழிப்பதற்கு முன் வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமே, பாட்டியின் சதாபிஷேகப் படங்கள் வேறெங்கும் இல்லை என்பது இந்தக் களேபரத்தில்தான் தெரிந்தது. அவற்றை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏற்றினேன். டிவிடி தட்டையும் திறந்து பாருங்கள், எனக்கு உள்ளே சித்தி கல்யாண டிவிடி கிடைத்தது, ஆறு வருடமாக "யாரோ வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தரல" என்று வீட்டில் பேச்சு வாங்கிய டிவிடி. அப்புறம் ஹார்ட் டிஸ்க்கைப் பழையபடி லேப்டாப்பிலேயே மாட்டி, லைனக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் உள்ள பென் டிரைவில் பூட் செய்தேன், அதாவது விண்டோஸுக்குப் பதில் அதைக் கொண்டு லேப்டாப்பை எழுப்பினேன். வேலை செய்துகொண்டிருக்கும் விண்டோஸ் தன்னையே முழுதாக அழித்துக்கொள்ள முடியாது என்பதால் வெளியே இருந்துதான் செய்ய வேண்டும்.

இங்கேதான் வயிற்றைக் கலக்கிய இடம். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தேன். 465.8 ஜி என்று ஒன்று, அதற்குக் கீழே 465.8 ஜி என்று இன்னொன்று. 500 ஜிபி என்று விற்கும் டிஸ்க்கை லைனக்ஸ் இப்படித்தான் காட்டும், அது பரவாயில்லை, ஆனால் இரண்டா? பாட்டி படங்களை ஏற்றிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்ற மறந்திருக்கிறேன், அதுவும் அதே அளவு. லைனக்ஸ் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் வைத்திருந்தது. நான் தட்டச்சு செய்து வைத்திருந்தது எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் பெயரான எஸ்டிபி. அழிக்க வேண்டியது எஸ்டிஏ. என்டர் மட்டும்தான் பாக்கி. ஏதோ ஒரு உறுத்தலில் மாடல் எண்ணையும் சேர்த்துக் காட்டச் சொன்னதில் தப்பித்தேன். அழிக்கும் கட்டளைக்கு "நிச்சயமாகவா?" என்று கேட்கும் பழக்கம் கிடையாது. அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன், அழிக்கிற நேரத்தில் பூட் செய்த பென் டிரைவைத் தவிர வேறெதுவும் அந்தக் கம்ப்யூட்டரில் தொங்கக் கூடாது. மவுஸ் வேண்டுமானால் இருக்கட்டும்.

நான் பயன்படுத்தியது டிடி என்ற பழைய கட்டளை, டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்களான செக்டர்களில் முதலாவதில் இருந்து கடைசி வரை பூஜ்யத்தை எழுதிக்கொண்டே போகும். கட்டளை என்றாலே பயம் என்பவர்களுக்கு ஷ்ரெட்ஓஎஸ் என்று ஒன்று இருக்கிறது, பென் டிரைவில் போட்டு பூட் செய்தால் நேராக டிஸ்க்குகளைப் பட்டியல் போட்டு எதை அழிக்க என்று கேட்கும். எதைப் பயன்படுத்தினாலும் வேலை அதேதான். வேகத்தைக் காட்டச் சொல்லியிருந்தேன், தொடக்கத்தில் நொடிக்கு 105 எம்பி, அரை மணி நேரத்தில் 95, அப்புறம் 85. டிஸ்க் சாகிறதோ என்று பயந்தேன். இல்லை, தட்டின் வெளி விளிம்பில் சுற்றளவு அதிகம், ஒரு சுற்றுக்கு நிறைய எழுத முடியும், உள்ளே போகப் போகச் சுற்று சிறுத்து வேகம் இறங்கும். அது இயல்புதான். இயல்பில்லாதது ஒரு மணி நேரம் கழித்து வந்தது, கரண்ட் போய்விட்டது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் மட்டும்தான், பிளக் பாயின்ட் கிடையாது, லேப்டாப்பில் பேட்டரியும் கிடையாது. விட்ட இடத்தில் இருந்து தொடர வழி உண்டு, ஆனால் எங்கே விட்டது என்று நான் குறித்து வைக்கவில்லை. மறுபடியும் முதலில் இருந்து. "அழிக்கறதுக்கே ரெண்டு நாளா?" என்றார் அம்மா, பக்கெட் ஞாபகத்தில்.

இரண்டாவது தடவை ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. முடிந்ததும் டிஸ்க்கை ஆரம்பம் முதல் கடைசிவரை படித்து ஹெக்ஸில், அதாவது ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக, காட்டச் சொன்னேன், இதற்கும் அதே அளவு நேரம் ஆகும், ஆனாலும் செய்யுங்கள். திரையில் ஒரு வரி முழுக்கப் பூஜ்யம், அதற்கு அடுத்த வரியில் ஒற்றை நட்சத்திரக் குறி, அதற்குக் கீழே டிஸ்க்கின் மொத்த அளவைச் சொல்லும் ஒரு எண். நட்சத்திரத்துக்கு அர்த்தம் "மேலே உள்ள வரியே திரும்பத் திரும்ப வருகிறது". ஐம்பதாயிரம் கோடி பைட் மூன்று வரிக்குள் அடங்கிவிட்டது. அத்தையின் ஆதார், யாருடையதோ அந்த நீல மைக் கையெழுத்து எல்லாமே அந்த ஒற்றை நட்சத்திரம்தான் இப்போது.

இதை ஆபீசில் சொன்னால் ஒரு நண்பர், "ஒரு தடவையா? முப்பத்தஞ்சு தடவை எழுதணும்பா, இல்லன்னா லேப்ல வச்சு எடுத்துடுவாங்க" என்கிறார். இந்த முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் சிரிப்பு வரும். நியூசிலாந்தின் பீட்டர் குட்மன் 1996-இல் எழுதிய கட்டுரை அது. அன்றைக்கு இருந்த ஹார்ட் டிஸ்க்குகள் தகவலைக் காந்தத்தில் பதிவதற்கு வெவ்வேறு குறியீட்டு முறைகளைப் பயன்படுத்தின, ஒவ்வொரு முறைக்கும் ஏற்ற வடிவங்களை அவர் பட்டியலிட்டார், எல்லாவற்றையும் கூட்டினால் 35 வரும். உங்களிடம் எந்த டிஸ்க் இருக்கிறது என்று தெரிந்தால் அதற்குரிய சில மட்டும் போதும், ஒரே டிஸ்க்குக்கு 35-உம் தேவைப்பட்டதே இல்லை. மக்கள் இதை ஏதோ பேயோட்டும் மந்திரம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள் என்று பின்னால் அவரே கிண்டலாக எழுதினார். நவகிரகத்தை ஒன்பது சுற்று சுற்றினால்தான் பலன், எட்டு என்றால் செல்லாது என்பது போலத்தான். அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டி 2014-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியே காந்தத் தட்டு டிஸ்க்குக்கு ஒரு தடவை பூஜ்யம் எழுதினால், நவீன ஆய்வகத்தில் வைத்தாலும் பொதுவாக எடுப்பது கடினம் என்று சொல்லிவிட்டது. என் டிஸ்க்கில் 35 தடவை ஓட்டினால் இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். எங்கள் ஏரியாவில் இரண்டரை நாள் கரண்ட் போகாமல் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு தடவை போதும் என்பதில் ஒரே ஒரு ஓட்டை உண்டு, அதை நான் விடாமல் துரத்தியதற்கு என் குணம்தான் காரணம், அவசியம் என்று சொல்ல மாட்டேன். ஹார்ட் டிஸ்க் தன் தட்டில் ஒரு செக்டர் பழுதாகிறது என்று தெரிந்தால் அதை ஓரங்கட்டிவிட்டு, கையிருப்பில் உள்ள வேறு செக்டரை அந்த எண்ணுக்குக் கொடுத்துவிடும். ஓரங்கட்டியதை அப்புறம் யாரும் தொட முடியாது, டிடியும் தொடாது, அதில் இருந்த பழைய தகவல் அப்படியே கிடக்கும். என் டிஸ்க்கில் அப்படி 24 செக்டர் என்று, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கை காட்டியது. செக்டருக்கு 512 பைட் என்றால் 12 கேபி. என்ன பெரிய 12 கேபி என்று தோன்றும், ஆனால் விண்ணப்பத்துக்குச் சுருக்கிய கையெழுத்துப் படம் அவ்வளவுதான் இருக்கும். இதற்கு டிஸ்க்கின் உள்ளேயே ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள், ஏடிஏ செக்யூர் இரேஸ் என்று பெயர், அதில் என்ஹான்ஸ்டு வகை ஓரங்கட்டிய செக்டர்களையும் சேர்த்து அழிக்க வேண்டும் என்பது விதி. முதலில் டிஸ்க்குக்கு ஒரு பாஸ்வேர்டு வைக்க வேண்டும், அப்புறம் அழிக்கச் சொல்ல வேண்டும், முடிந்ததும் பாஸ்வேர்டு தானே நீங்கிவிடும். நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் பூட்டிக்கொள்ளும் என்பதால் ஞாபகம் இருக்கிற பாஸ்வேர்டாக வையுங்கள். செய்யப் போனால் டிஸ்க் "ஃப்ரோசன்" நிலையில் இருக்கிறது என்று மறுத்தது. வைரஸ் எதுவும் இப்படிப் பூட்டிவிடக் கூடாது என்று லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ், பூட் ஆகும்போதே உறைய வைத்துவிடுகிறது. உடைக்கிற வழி ரொம்ப எளிது, லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் போதும், தூங்கி எழுந்த டிஸ்க் மறுப்புச் சொல்லவில்லை.

இத்தனையும் சுற்றுகிற தட்டு உள்ள ஹார்ட் டிஸ்க்குக்குத்தான். உங்கள் லேப்டாப் கடந்த ஏழெட்டு வருடத்தில் வாங்கியது என்றால் உள்ளே தட்டே இல்லாமல் ஃபிளாஷ் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி இருக்கவே வாய்ப்பு அதிகம், அங்கே மேலே எழுதுவது என்ற பேச்சே சரிப்படாது. ஃபிளாஷ் சிப்பில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்துவிடும், அதனால் நீங்கள் அதே இடத்தில் எழுதச் சொன்னாலும் எஸ்எஸ்டி வேறு இடத்தில் எழுதிவிட்டு, "எழுதிட்டேன்" என்று சொல்லும். பழையது எங்கோ ஒரு மூலையில் இருக்கும். போதாக்குறைக்கு வெளியே காட்டுகிற அளவைவிடக் கூடுதலாகக் கொஞ்சம் இடத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் சிலர் 2011-இல் எஸ்எஸ்டிகளை அழித்துவிட்டு, சிப்புகளை நேரடியாகவே படித்துப் பார்த்தார்கள். ஒரு கோப்பை மட்டும் அழிக்கும் எந்த முறையும் முழுதாக வேலை செய்யவில்லை. முழு டிஸ்க்கையும் இரண்டு தடவை எழுதினால் பெரும்பாலும் போனது, எப்போதும் இல்லை. உள்ளே உள்ள அழிப்புக் கட்டளைதான் நல்ல வழி, ஆனால் அதிலும் ஒரு எஸ்எஸ்டி "வெற்றிகரமாக அழித்தாயிற்று" என்று பதில் சொல்லிவிட்டு எல்லாத் தகவலையும் பத்திரமாக வைத்திருந்தது! இப்போது வருகிறவை எவ்வளவோ தேவலாம், பல லேப்டாப்புகளில் பயாஸ் மெனுவிலேயே டிஸ்க்கை அழிக்கும் வசதி இருக்கிறது, என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகைக்கு சானிடைஸ் என்றே தனிக் கட்டளை உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், லேப்டாப் வாங்கிய முதல் நாளே விண்டோஸின் பிட்லாக்கர் மாதிரி எதையாவது போட்டு, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி முழு டிஸ்க்கையும் குறியாக்கம் செய்துவிடுங்கள் என்பேன். அப்புறம் விற்கும் நாளில் சாவியை அழித்தால் போதும், மிச்சம் கிடப்பது யாருக்கும் படிக்க முடியாத குப்பை. டிஸ்க் திடீரென்று செத்துப்போய் அழிக்கவே முடியாத நிலை வந்தாலும் கவலை இல்லை, அந்த நிலை வரும்.

லைனக்ஸ், கட்டளை எதுவும் வேண்டாம் என்கிறவர்கள் விண்டோஸ் 10, 11-இல் ரீசெட் திஸ் பிசி போய், ரிமூவ் எவ்ரிதிங் கொடுங்கள். அத்தோடு நிறுத்திவிடாமல் அடுத்த திரையில் சேஞ்ச் செட்டிங்ஸ் என்று சின்னதாக இருப்பதை அழுத்தி, கிளீன் டேட்டா என்பதை ஆன் செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் என் முதல் நாள் ஃபார்மேட் கதைதான். ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி ஃபார்மேட் செய்கிறீர்கள் என்றால் குயிக் ஃபார்மேட் டிக்கை எடுத்துவிடுங்கள், விண்டோஸ் விஸ்டாவில் இருந்து முழு ஃபார்மேட் உண்மையிலேயே பூஜ்யம் எழுதுகிறது. எக்ஸ்பி காலத்தில் அது பழுது இருக்கிறதா என்று பார்த்ததோடு சரி.

எங்கள் மாமா ஒருவர், "எதுக்குடா இவ்ளோ, சுத்தியால ஒரு போடு" என்றார். அதுவும் முறைதான். 2013 ஜூலையில் லண்டனில் கார்டியன் பத்திரிகைக்காரர்கள் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியே கொண்டு வந்த ஸ்னோடெனின் கோப்புகள் இருந்த கம்ப்யூட்டர்களை, பிரிட்டிஷ் உளவுத்துறை ஆட்கள் பக்கத்தில் நின்று பார்க்க, கிரைண்டரும் டிரில்லும் வைத்து அடித்தளத்தில் அறுத்தார்கள். ஆனால் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சுத்தியால் போட்டால் பொடிப்பொடியாகத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள். பேட்டரி மாட்டியிருக்கும் லேப்டாப்பை அப்படியே அடிப்பது அதைவிட முட்டாள்தனம், லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தை மேலே தேய்த்தால் அழிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளேயே அதைவிடப் பல மடங்கு வலுவான காந்தம் இருக்கிறது, செத்த டிஸ்க் கிடைத்தால் பிரித்து அந்தக் காந்தத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சமையலறையில் கத்தி மாட்ட அருமையாக இருக்கும்.

நான் அடிக்கவில்லை. மின்கழிவுக்கு 2022 விதிகள், பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் என்று எல்லாம் இருக்கிறது, ஆனால் அவர்களிடம் கொடுப்பதும் தகவலை அழிப்பதும் வேறு வேறு வேலை. மார்கன் ஸ்டான்லி மாதிரி பெரிய அமெரிக்க நிதி நிறுவனமே, தகவல் அழிப்பில் அனுபவமில்லாத சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியிடம் பழைய டிஸ்க்குகளை ஒப்படைக்க, அவை கைமாறி இணைய ஏலத்துக்குப் போய், 2022-இல் 3.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. நானே துடைத்துவிட்டு மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன். பழைய சாமான் அண்ணன் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்து, "ஆன் ஆவுதே, அப்ப நானூறு" என்று அவராகவே ஏற்றினார். அம்மா நீல பக்கெட்டோடு ஒரு முறமும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஒரு பிரின்ட் எடுக்கப் போனேன். எங்கள் பிரின்டர் பழுதான பிறகு தெரு முழுக்க அங்கேதான் போகிறது. அந்த அண்ணாச்சி என் பேப்பரைத் தேட டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தார், ஸ்க்ரோல் செய்தார், செய்துகொண்டே இருந்தார். ஆதார், ஆதார், பான், யாருடையதோ ஸ்கேன் ரிப்போர்ட், மறுபடி ஆதார். நான் வீட்டில் பார்த்ததைவிட நூறு மடங்கு இருக்கும். அவருக்குப் பின்னால் ஆள் உயர ஜெராக்ஸ் மெஷின், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அந்த மாதிரி டிஜிட்டல் மெஷின்கள் பலவற்றில் உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க் உண்டு, எடுத்த நகல்களின் படம் அதில் தங்கும். அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனம் வாடகை ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்து, மூன்றரை லட்சம் பேர் வரையிலான மருத்துவ விவரம் அதில் இருந்திருக்கலாம் என்று ஆகி, 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது.

"அண்ணாச்சி, இதெல்லாம் அப்பப்ப அழிக்க மாட்டீங்களா?"

"மாசா மாசம் டெலிட் பண்ணிருவேன் தம்பி. போன வருஷம் பழைய சிஸ்டத்த வித்தப்பக்கூட சுத்தமா ஃபார்மேட் போட்டுத்தான் குடுத்தேன்."

யாருக்கு விற்றார் என்று கேட்டேன், ஞாபகமில்லை என்றார். இருக்கிற சிஸ்டத்துக்காவது ஏதாவது செய்யலாம் என்று சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை சாத்தினதும் வரச் சொல்லியிருக்கிறார். பென் டிரைவ் தயாராக இருக்கிறது. அந்த ஜெராக்ஸ் மெஷினைப் பிரிக்க விடுவாரா என்றுதான் தெரியவில்லை.